கொலுசு: ஆன்லைனா, செவ்வாய்ப்பேட்டையா?

100 கிராம் வெள்ளிக் கொலுசு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையைவிட ஆன்லைன்ல 1,500 ரூபாய் கம்மியா வருது, எதுல எடுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. விலையை அப்புறம் பாருங்க, முதல்ல டச், அதாவது வெள்ளியோட சுத்தம். 92.5 டச்னா 100 கிராம்ல 92.5 கிராம் சுத்த வெள்ளி. 80 டச்னா 80தான். அந்த 12.5 கிராமை அன்னைக்கு வெள்ளி விலையால பெருக்குங்க, 1,500 எங்கே போச்சுன்னு புரியும். டச் போடாத பக்கத்தை மூடிடுங்க. 'ஜெர்மன் சில்வர்'னு இருந்தா அதுல வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்.

வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1லேர்ந்து எச்யூஐடி எண் வந்திருக்கு, ஹால்மார்க் போட்ட ஒவ்வொரு நகைக்கும் தனியா இருக்கற அடையாள எண் அது. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, ஆனா எண் இருந்தா ஹால்மார்க் தர்ற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாத்துடலாம்.

அளவுதான் ஆன்லைன்ல அதிகம் சொதப்பும். கணுக்கால் எலும்புக்குக் கீழே நூலைச் சுத்தி அளந்து, அரை அங்குலம் கூட்டிக்குங்க. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க.

நீங்க சேலத்துலயே இருக்கறதால செவ்வாய்ப்பேட்டைக்கே என் ஓட்டு. கொக்கியை நாலஞ்சு தடவை மாட்டிக் கழட்டிப் பாக்கலாம், திருகாணி வழுக்குதான்னும் தெரிஞ்சிடும். கல், எனாமல் இருந்தா அதைக் கழிச்ச எடை கேளுங்க. பில்லுல டச், எடை, கூலி தனித்தனியா இருக்கணும். திருப்பிக் கொடுத்தா எந்தக் கணக்குல எடுப்பாங்கன்னு அப்பவே எழுதி வாங்கிக்குங்க.