கருப்பைவாயில் எந்த இடம்? கேள்வி பதில்

கால்போஸ்கோப்பி (கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் சோதனை) மருந்தகத்தில் பல காலம் தாதியாக இருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள், போன ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களைத் தேய்த்தெடுத்துப் பார்க்கும் சோதனை) நன்றாக இருந்தாலும் சரி.

தெம்பனிஸ் வாசகி: அக்கா, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கருப்பைவாயில் எங்கே வேண்டுமானாலும் வருமா?

பெரும்பாலும் ஒரே வளையத்தில்தான் வரும். வெளிப்பக்கம் பல அடுக்குத் தட்டைச் செல்கள், வெளிர் ரோஜா நிறம். உள்ளே கருப்பைக்குப் போகும் குழாயில் ஒரே அடுக்குச் சுரப்பிச் செல்கள், சிவப்பாகத் தெரியும். இரண்டும் சந்திக்கிற கோடு ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் இருக்காது. பருவமடையும்போதும் கர்ப்பத்திலும் ஹார்மோனால் உள்செல்கள் வெளியே வரும், வெளியில் இருக்கிற அமிலத்தன்மையில் மெல்ல மெல்லத் தட்டைச் செல்களாக மாறும். பழைய கோட்டுக்கும் இப்போதைய கோட்டுக்கும் நடுவில் உள்ள பகுதிதான் உருமாற்ற மண்டலம். உடலுறவால் பரவி இந்த மாற்றங்களை உண்டாக்கும் எச்பிவி கிருமி எளிதாகக் குடியேறுவது அங்கேதான், அதனால் மாற்றங்களும் அங்கேதான். கடிகாரமாக வைத்துச் சொன்னால் 12 மணி, 6 மணிப் பக்கம் அதிகம், அதிலும் 12 மணிப் பக்கமான முன் உதட்டில். 3, 9 பக்கம் குறைவு.

அசிட்டிக் அமிலத்தை ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் அந்தக் கோட்டை ஒட்டி வெள்ளைத் திட்டு எழும். வெள்ளை அடர்த்தியாகவும் ஓரம் தெளிவாகவும் இருந்தால் டாக்டர் அங்கே பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுப்பார். சுரப்பிச் செல்களில் வருகிற மாற்றம் இவ்வளவு எளிதில் பிடிபடாது, குழாய்க்குள் மறைந்திருக்கும், இடைவெளி விட்டு அங்கங்கேயும் இருக்கலாம்.

யீஷூன் வாசகி: ஊருக்குப் போனபோது ‘கருப்பை வாயில் புண்’ என்று சொல்லி, சுட்டுவிடலாம் என்றார்கள். பயமாக இருக்கிறது.

பல நேரம் அது புண்ணே இல்லை. மேலே சொன்ன உள்செல்கள் வெளியே வந்து சிவப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். இளம் வயதிலும் கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுவோருக்கும் சகஜம். ஸ்மியரோ எச்பிவி சோதனையோ செய்யாமல் சுட ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தம் படுகிறதா? அப்படியானால் இங்கேயே உடனே காட்டுங்கள்.

ஜூரோங் வாசகர்: அம்மாவுக்கு 64 வயது. மாதவிடாய் நின்று பல வருஷம். இனி எதற்குச் சோதனை?

வேண்டும். வயதாக ஆக அந்தக் கோடு குழாய்க்குள் ஏறிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். அதனால்தான் ‘பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. இங்கே சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர், 30 முதல் 69 வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை. பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி: சோதனை வலிக்குமா?

கொஞ்சம் அசௌகரியம், சீக்கிரம் முடிந்துவிடும்.

செங்காங் வாசகி: எனக்கு எச்பிவி பாசிட்டிவ். கல்யாணமாகிப் பத்து வருஷம். இவர்தான் எங்கேயோ போயிருக்கிறார், இல்லையா?

பிடோக் வாசகர் (குறுக்கே): சந்தேகமே வேண்டாம் தங்கச்சி, கேட்டுவிடுங்கள்.

ஐயா, சற்றுப் பொறுங்கள். இந்தக் கிருமி பல ஆண்டு தெரியாமல் உடம்பில் இருக்கும். திருமணத்துக்கு முன்பு இருவரில் யாருக்கோ வந்து, அடங்கிக் கிடந்து, இன்றைய சோதனையில் தெரியலாம். யாரிடமிருந்து, எப்போது என்று இந்தச் சோதனை சொல்லாது.

பிடோக் வாசகர்: ஆண்களை இப்படியே காப்பாற்றுங்கள்.

நான் யாரையும் காப்பாற்றவில்லை. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு குடும்பத்தில் விசாரணை நடத்தி, அந்தச் சண்டையில் மறுசோதனைக்கே வராமல் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு ஆற்றாமை. செங்காங் தங்கச்சி, உங்களுக்கு இப்போது முக்கியம் எச்பிவியில் எந்த எண் வகை என்பது. 16, 18 என்றால் நேராகக் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் 70 விழுக்காடு வரை இந்த இரண்டால்தான். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தாலும் அதன் முதல் நிலை (CIN 1) பெரும்பாலும் தானே மறையும். அந்த மாற்றத்தின் மூன்றாம் நிலையை (CIN 3, இன்னும் புற்றுநோய் இல்லை) சிகிச்சை செய்யாமல் விட்டால் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்குப் புற்றுநோயாகும். அதற்கு முன்பே அந்த வளையத்தை மின்கம்பி வளையத்தால் எடுத்துவிடலாம். சந்திப்பு நாளைத் தவறவிடாதீர்கள்.

பொங்கோல் வாசகி: வலிக்குமா அக்கா?

மேலே சொல்லிவிட்டேன்.

கிளமெண்டி வாசகி: கருப்பையை எடுத்தாயிற்று, விட்டுவிடலாமா?

கருப்பைவாயையும் எடுத்தார்களா என்று அறுவை அறிக்கையில் பாருங்கள். விட்டுவைத்திருந்தால் சோதனை தொடரும். எடுத்திருந்தாலும், முன்பு மோசமான மாற்றம் இருந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகி: மகள் செகண்டரி 1. பள்ளியில் தடுப்பூசிக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் பிறகு ஸ்மியர் தேவையில்லையே? ஸ்மியர் வலிக்குமாமே?

கையெழுத்துப் போடுங்கள். 2019 முதல் பள்ளியிலேயே போடுகிறார்கள். ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது, எனவே 25 வயதானதும் சோதனைக்கு வரவேண்டும். வலியைப் பற்றி உட்லண்ட்ஸ் வாசகிக்குச் சொன்னதேதான்.