டயர் உரசுது, மட்காட்டை மடக்கலாமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 121 கொரோலா. ஸ்பிரிங் மாற்றி 40 மில்லிமீற்றர் இறக்கியிருக்கிறேன். பழைய ரிம் 15 அங்குலம், அகலம் 6, ஓப்செட் 45, டயர் 195/60. இப்போது போட்டிருப்பது 17 அங்குல அலோய், அகலம் ஏழரை, ஓப்செட் 35, டயர் 215/45. கொழும்பில் ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை. றம்பொடை வளைவுகளில் முன் டயர் உரசுகிறது. வீட்டு ஆட்கள் ஏறினால் பின்னாலும் உரசுகிறது. நாலு மட்காட் ஓரத்தையும் உள்ளே மடக்கினால் சரியாகும் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், நுவரெலியா

பதில்: இப்போதைக்கு மடக்காதீங்க தம்பி. முன்னால் உரசுவதற்கும் பின்னால் உரசுவதற்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. எது எங்கே படுகிறது என்று பார்க்காமல் தகட்டில் கை வைத்தால் காசும் போகும், பெயின்ட்டும் போகும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 615 மில்லிமீற்றர், இப்போதுள்ளது 625. சில்லின் நடுவிலிருந்து பார்த்தால் மேலே அரை சென்ரிமீற்றர்தான் கூடியிருக்கிறது, அதைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் ரிம்மின் வெளி ஓரம் பழையதைவிட 29 மில்லிமீற்றர் வெளியே வந்துவிட்டது, உள் ஓரமும் 9 மில்லிமீற்றர் ஷொக் அப்சோபர் பக்கம் போயிருக்கிறது. ஓப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம், அது குறைந்தால் சில்லு வெளியே வரும். அகலம் கூடியதால் ரிம் இரண்டு பக்கமும் 19 மில்லிமீற்றர் விரிந்தது, ஓப்செட் குறைந்ததால் இன்னும் 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்பட்டது. ஆகவே உங்கள் பிரச்சினை 17 அங்குலம் என்பதில் இல்லை, அந்த ஏழரை அகலமும் 35 ஓப்செட்டும் சேர்ந்ததில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதற்கு மேல் காரையும் 40 மில்லிமீற்றர் இறக்கியிருக்கிறீர்கள்.

கொழும்பில் உரசாததற்கும் காரணம் இருக்கிறது. அங்கே ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புவது பார்க்கிங்கில் மட்டும்தான், அப்போது கார் நின்ற மாதிரி இருக்கும், ஸ்பிரிங் அழுந்தாது. றம்பொடையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கிறீர்கள், பாரம் முழுக்க முன்னுக்கு வருகிறது, வளைவில் வெளிப்பக்கச் சில்லு இன்னும் அழுந்துகிறது, ஸ்டியரிங்கும் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பியிருக்கிறது, அந்த இடத்தில் ஒரு குழியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மலை ரோட்டில் ஓடுகிறவர்கள் இந்த நாலும் ஒன்றாக வரும் நேரத்தை வைத்துத்தான் இடைவெளி பார்க்க வேண்டும்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. சமதரையில், தடித்த பலகை ஒன்றின் மேல் ஒரு முன் சில்லை மெதுவாக ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டயர் ஓரத்தில் வெண்கட்டி பூசிவிட்டால் பட்ட இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் மட்டும் பட்டால் பயமில்லை, அந்த இடத்தைச் சூடாக்கி உள்ளே அமுக்கலாம். பம்பரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவின் தலையில் பட்டாலும் சின்ன வேலைதான். ஷொக் அப்சோபரிலோ பிரேக் ஹோஸிலோ பட்ட அடையாளம் இருந்தால் அந்த ரிம்மோடு வண்டியை ரோட்டில் இறக்கவே வேண்டாம். பின்னாலும் அப்படித்தான், வீட்டு ஆட்களை உட்காரவைத்துவிட்டு, மட்காட் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் விரல் போகிறதா என்று பாருங்கள்.

இனி என்ன செய்வது? என் விருப்பம், இந்த ரிம்மை விற்றுவிட்டு 7 அங்குல அகலம், ஓப்செட் 45க்குப் பக்கத்தில் ஒன்று எடுப்பது. வெளியேயும் உள்ளேயும் 13 மில்லிமீற்றருக்கு மேல் போகாது, கார் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அதற்கு வசதி இல்லையென்றால் காரை 15, 20 மில்லிமீற்றர் திரும்ப உயர்த்துங்கள், டயரை 205/45க்கு மாற்றுங்கள். அதன் விட்டம் 616, கிட்டத்தட்ட பழைய டயரேதான். ஆனால் டயர் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் அடித்திருக்கும் பார எண்ணைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோதான் தாங்கும், 88 என்றால் 560. குடும்பத்தோடும் மூட்டையோடும் மலை ஏறுகிற காருக்கு 88 இருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் பின்னால் கொஞ்சம் பட்டால், அப்போது மடக்கலாம். பெயின்ட்டை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். அந்த ஓரத்தில் இரண்டு தகடு சேருகிறது, நடுவில் சீலன்ட் இருக்கிறது, அது வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். நுவரெலியா ஈரத்தில் கறள் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மடக்கிய இடத்தில் மறுபடி சீலன்ட் பூசாமல் காரை வாங்கிக்கொண்டு வராதீங்க.

ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று வெட்டச் சொன்னால் கேட்காதீங்க. கட்டையான ஸ்பிரிங், சில்லு தொங்கும்போது அது உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து நழுவப் பார்க்கும். ஸ்டியரிங் முழுதாகத் திரும்பாமல் தடுப்பு வைக்கிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒரே தடவையில் எடுக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போய் நிற்கும், அந்த நேரம் மேலிருந்து பஸ் வரும். அப்படி ஒரு வேலையை இந்த மலையில் யாருக்கும் செய்துகொடுக்கவே கூடாது.

கேள்வி: ஸ்பேசர் போட்டால் உரசல் நிற்குமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: ஸ்பேசர் என்பது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் போடும் வளையம், அது சில்லை வெளியே தள்ளும். ஆகவே உள்பக்கம், ஷொக் அப்சோபரில் பட்டால் நிற்கும். மட்காட்டில் பட்டால் இன்னும் மோசமாகும். போட்டீர்கள் என்றால் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மில்லிமீற்றர் போல்ட்டில் 8 சுற்றாவது ஏற வேண்டும், குறைந்தால் நீளமான போல்ட் போடுங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.

கேள்வி: உரசி உரசி டயரின் உள்பக்கச் சுவர் தேய்ந்திருக்கிறது. மேலே பூ நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓடலாமா?
- வாசகர், பதுளை

பதில்: நூல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், பக்கச் சுவருக்கு ஒட்டு கிடையாது. நூல் தெரியாவிட்டாலும் விரலால் தடவும்போது பள்ளமாகப் பட்டால் டயர்க் கடையில் கழற்றி உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரைக்கும் இறக்கத்தில் அந்த டயரை நம்பி ஆட்களை ஏற்ற வேண்டாம்.