14 கிலோ தொடர்கதை

கேள்வி: எனக்கு வயது 27. திருச்சியில் தனியார் வங்கியில் வேலை. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்குப் புத்தகம்தான் உயிர். காலையில் பஸ்ஸில் 40 நிமிஷம், ராத்திரி சாப்பிட்ட பிறகு 12 மணி வரை படிப்பேன். கண்டதையும் படிக்க மாட்டேன். 50 பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் மூடிவிடுவேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை எழுத்தாகவே மதிப்பதில்லை. சுயமுன்னேற்ற நூல் மட்டும் படிப்பதாகச் சொன்ன ஒரு வரனையும் வேண்டாம் என்றுவிட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவற்றை வைக்க இடமில்லாததால், பரணில் கிடந்த அம்மாவின் பழைய பைண்டு தொடர்கதைகளை எடைக்குப் போட்டேன். 14 கிலோ இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் புத்தகத்தைத் திறந்தால் போதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து ‘என்னடி கதை அது?’ என்று ஆரம்பித்துவிடுகிறார். என் வாசிப்பை அம்மா மதிக்க நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: மகளே, ‘அம்மா என்னைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று வாரத்துக்கு நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. உன் கடிதத்தில் அந்த 14 கிலோவைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை.

‘பரணில் கிடந்த’ என்று எழுதியிருக்கிறாய். பைண்டு செய்த எதுவும் தானாக வந்து பரணில் கிடக்காது. ஒருவர் அதை வைத்திருந்தார். எப்படிச் சேர்த்திருப்பார் என்று உனக்குத் தெரியுமா? பத்திரிகை வந்தால் வீட்டில் அத்தனை பேரும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் கத்தி நுனியால் பின்னை நிமிர்த்தி, தாள் கிழியாமல் அந்த அத்தியாயத்தை மட்டும் உருவ வேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இப்படியே வாராவாரம். நடுவில் ஓர் இதழ் தவறிவிட்டால் பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டும். கதை முடிந்ததும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசோடு பைண்டரிடம் போனால், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையில் ஒட்டி, முதுகுக்குக் காலிகோ துணி வைத்துத் தருவார்.

என் பெரியம்மாவின் கட்டு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் 23-ஆம் அத்தியாயம் அச்சில் இல்லை. அந்த வாரத்து இதழை யாரோ ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். இன்னொரு வீட்டில் ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் எட்டுப் பக்கத்தையும் தன் கையால் எழுதி நடுவில் வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். ஐந்து பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர் அவர். மூன்றாவது பக்கத்து ஓரத்தில் மஞ்சள் அப்பிய விரல் ரேகை அப்படியே இருக்கிறது. உன் 14 கிலோவில் இப்படி எத்தனை பக்கம் இருந்ததோ, ஒன்றையாவது புரட்டிப் பார்த்தாயா? பிடிக்காத புத்தகத்துக்கே 50 பக்கம் கொடுக்கிறவள் நீ. அம்மா சேர்த்ததற்கு ஒரு பக்கமாவது கொடுத்தாயா?

‘அம்மா ஒன்றும் சொல்லவில்லை’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். தராசில் வைத்தபோது அவர் எங்கே இருந்தார்? நின்று பார்த்தாரா, அடுப்படிக்குப் போய்விட்டாரா? கணவர் போனபின், இனி நாம் பிள்ளையின் தயவில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் பெண்களை எனக்கு நிறையத் தெரியும். ரேஷன் அரிசியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், தங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது அவருடைய பொருளை அவரைக் கேட்காமல் வெளியே அனுப்புவது தப்பு. சம்பளம் யார் கொண்டுவந்தாலும் தப்புதான். சம்பாதிக்கிற பிள்ளைக்குக் கடமை கூடுகிறதே தவிர அதிகாரம் கூடுவதில்லை என்று நம்புகிறவள் நான். அந்தக் கட்டுகளைப் பைண்டு செய்து கொடுத்தது உன் அப்பாவாகக்கூட இருக்கலாம். கேட்டுப் பார்த்திருக்கிறாயா?

தொடர்கதை எல்லாமே உயர்ந்த எழுத்து என்று சொல்ல மாட்டேன். சப்பென்று போனவை எத்தனையோ. ஆனால் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே வாரப் பத்திரிகைக்கு எழுதிய லட்சுமிதான் 1984-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். எழுத்தே இல்லை என்று தள்ளுமுன் இதையாவது தெரிந்துகொள்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே அந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போ. பைண்டு புத்தகங்களைச் சில கடைக்காரர்கள் கிழிக்காமல் தனியாக எடுத்து வைப்பார்கள், பழைய புத்தக வியாபாரிகள் வந்து வாங்குவார்கள் என்பதற்காக. ஒன்று கிடைத்தாலும் கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கு. பேரம் பேசாதே. கிடைக்கவில்லை என்றால் அம்மாவிடம் போய் ‘கேட்காமல் போட்டுவிட்டேன், தப்புதான்’ என்று சொல். இடமில்லை, தூசி என்ற காரணம் எதையும் சேர்க்காதே.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதியவர். ஊரார் குப்பை என்று நினைத்த பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்ந்திருந்தது. அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் தொடங்கினார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு அம்மாவை அங்கே கூட்டிப் போ. புத்தகக் காட்சிக்கு மட்டும்தான் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்பதில்லை. அவர் படித்த கதை ஒன்றாவது அங்கே இருக்கிறதா என்று இரண்டு பேரும் தேடுங்கள்.

வரன் விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஒருவர் எதைப் படிக்கிறார் என்பதை வைத்து மட்டும் வேண்டாம் என்று சொல்வதை நிறுத்து. வேறு காரணம் இருந்தால் தாராளமாகச் சொல்.

கடைசியாக உன் புகார். ‘என்னடி கதை அது?’ என்று அம்மா கேட்பதைத் தொல்லை என்கிறாய். அந்த வீட்டில் அவரோடு கதை பேச உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? இன்று ராத்திரி அவர் வந்து உட்காரும்போது, படித்த வரைக்கும் கதையைச் சொல். சொல்லிவிட்டு, பரணில் வைத்திருந்த கதைகளில் அவருக்கு ரொம்பப் பிடித்தது எது, எந்த வருஷம், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று கேள். தரமணியில் தேட அந்த மூன்று விவரமும் வேண்டும். அது அவருக்குத்தான் தெரியும்.