வலப்பக்கம் திரும்பியவர்

கேள்வி: அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபீனிக்ஸ் பக்கம் பாலைவனத்தில் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு மாப்பிள்ளை அழைத்துப்போனார். மூன்று மணி நேரம் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தார்கள்; எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அந்த மைதானத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறதாம். வட்டம் போடுவதில் என்ன சார் வரலாறு? – வாசகர், திருச்சி

பதில்: ‘இடது பக்கமாகவே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏ’காரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதே தடத்தில் ஒருவர் வலது பக்கமாகவும் சுற்றி வந்திருக்கிறார். ஒரே ஒரு சுற்றுதான். நீங்கள் கேட்ட வரலாற்றை அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1988 நவம்பர் 6. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் முதல்நிலைத் தொடர் அந்தத் தடத்துக்கு முதன்முதலாக வந்த நாள். பந்தயம் பெரும்பாலும் ரிக்கி ரட் கையில்தான் இருந்தது. முடியப்போகிற நேரத்தில் அவருடைய என்ஜின் போய்விட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த ஆலன் குல்விக்கி ஜெயித்தார். அந்தத் தொடரில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி. கொடி விழுந்ததும் மனிதர் காரைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார்.

ஏன் அப்படி? ஓட்டுநர் உட்காருவது காரின் இடது பக்கம். வழக்கமான திசையில் ஓடும்போது அவர் ஜன்னல் மைதானத்தின் உட்புறத்தைப் பார்த்திருக்கும். வெளிவட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத் தெரிவதெல்லாம் காரின் வலது பக்கக் கதவும் அதில் எழுதிய எண்ணும்தான். எதிர்த்திசையில் வந்தால் ஜன்னல் ஜனங்கள் பக்கம் வந்துவிடும். கையை வெளியே நீட்டி ஆட்டலாம், முகத்தைக் காட்டலாம். காசு கொடுத்து உட்கார்ந்தவர்களை நேருக்கு நேர் பார்த்து நன்றி சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தார், அவ்வளவுதான். போலந்து வம்சாவளிக்காரர் என்பதால் அதற்குப் ‘போலிஷ் விக்டரி லாப்’ என்று அவரே பெயரும் வைத்தார். இன்றைக்கும் அமெரிக்காவில் யாராவது ஜெயித்துவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்தப் பெயர்தான்.

சரி, குல்விக்கி யார்? விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டதாரி. ஒரு பிக்அப் வண்டியும் டிரெய்லருமாக வட கரோலினாவுக்கு வந்து சேர்ந்தவர். அணியின் முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, காரின் கணக்குவழக்கைப் போட்டுப் பார்க்கும் இன்ஜினியரும் அவரே. ஜூனியர் ஜான்சன் என்ற பெரிய அணி முதலாளி பத்து லட்சம் டாலர் தருகிறேன், வந்து என் காரை ஓட்டு என்று கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்றார். தன் கடையைத் தானே நடத்துகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி எழுதுவது வாசகர்களுக்குத் தெரியும். எனக்கு அவர்களைப் பிடிக்கும். குல்விக்கியை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

நீங்கள் பார்த்த மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபீனிக்ஸில் அதற்கு முன்பே கார் பந்தயம் உண்டு. மாநிலப் பொருட்காட்சித் திடலின் மண் தடத்தில் 1951இலேயே நாஸ்கார் பந்தயம் நடந்தது. ஷோரூமில் விற்ற ஹட்சன் ஹார்னெட் காரை ஓட்டி மார்ஷல் டீக் ஜெயித்தார். அந்தத் திடலுக்கு மாற்றாக ரிச்சர்ட் ஹோக் என்பவர் ஊருக்கு மேற்கே, எஸ்ட்ரெல்லா மலையடிவாரத்தில், 1964இல் ஒரு மைல் தார்த்தடம் போட்டார். முதலில் அது சக்கரங்கள் வெளியே தெரியும் இண்டி கார்களுக்குத்தான். ஏ. ஜே. ஃபாய்ட் முதல் பந்தயத்தை ஜெயித்தார். மரியோ ஆண்ட்ரெட்டி தன் கடைசி இண்டி கார் வெற்றியை 1993இல் அங்கேதான் பெற்றார். 1985இல் தடத்தை வாங்கிய பட்டி ஜோப்தான் நாஸ்காரை அங்கே வரவழைத்தார்.

வட்டம் என்கிறீர்களே, அது வட்டமே கிடையாது. ஒரு பக்கம் முழங்கால் மடக்கியதுபோல் தடம் முறிந்து போகும். மேடு பள்ளம் ஒருபுறம், நீள்வட்டத் தடத்தோடு சேர்த்து, வளைந்து நெளியும் ரோடு கோர்ஸுக்கும் நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது மறுபுறம். அதனால் வந்த முறிவு. முன்பு அது பின்பக்கம் கிடந்தது. 2018இல் 17.8 கோடி டாலர் செலவில் மைதானத்தைப் புதுப்பித்தபோது தொடக்கக் கோட்டை அந்த முறிவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது பச்சைக் கொடி காட்டியதும் பாதிக் கார்கள் கீழே இறங்கிக் குறுக்கே பாய்கின்றன. ஐந்தாறு கார்கள் ஒரே வரிசையில் போய் அடுத்த திருப்பத்தில் மூக்கை நுழைக்கும். அதைப் பார்த்துவிட்டுமா தலைவலி வந்தது?

சுற்றுக்குச் சுற்று எல்லாம் ஒன்று என்று நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் டயர் தேய்கிறது, பெட்ரோல் குறைந்து கார் எடை இறங்குகிறது. பாலைவன வெயில் சாயச் சாயத் தார் குளிர்ந்து பிடிமானம் மாறுகிறது. இரண்டு மணிக்குச் சொன்ன பேச்சைக் கேட்ட கார் நான்கு மணிக்குக் கேட்காது. முன்பக்கம் திரும்ப மறுத்தால் ‘டைட்’, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனால் ‘லூஸ்’. ஓட்டுநர் ரேடியோவில் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்கிறார். டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வந்ததும் ஒருவர் பின் கண்ணாடி வழியே நீளமான ரெஞ்சை விட்டு அரைத் திருகு திருகுகிறார். அந்த அரைத் திருகில் பந்தயம் கை மாறிவிடும். அடுத்த தடவை போனால் அந்த ரெஞ்சைப் பாருங்கள். காரை மட்டும் பார்த்தால் தலைவலிதான் வரும்.

இன்னொன்று. 1988 பந்தயத்தின் பெயர் ‘செக்கர் 500’. அமெரிக்காவில் 500 என்றால் பெரும்பாலும் 500 மைல் என்றுதான் நினைப்பார்கள். ஃபீனிக்ஸில் ஓடியதோ 312 சுற்று, அதாவது 312 மைல். மீதி 188 மைலை யார் கொண்டுபோனார்கள்? யாரும் கொண்டுபோகவில்லை. அது 500 கிலோமீட்டர்! அங்குலத்தையும் அடியையும் பவுண்டையும் கட்டிக்கொண்டு அழும் தேசத்தில், பாலைவனத்து நடுவே ஒரு மைதானம் கிலோமீட்டரில் கணக்கு வைத்தது. அதே மாநிலத்தில் டூசானிலிருந்து மெக்சிகோ எல்லைக்குப் போகும் ஐ-19 நெடுஞ்சாலையிலும் தூரப் பலகைகள் கிலோமீட்டரில்தான். வேக வரம்பு மட்டும் மைலில்! மெட்ரிக் முறையை உலகம் முழுக்க ஏற்க வேண்டும் என்று நான் எழுதும்போதெல்லாம் ‘இதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்’ என்று கடிதம் வருகிறது. இந்த முறை சம்பந்தம் இருக்கிறது.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மைதானத்தை ஒட்டி ஒரு குன்று இருக்கிறதே, பார்த்தீர்களா? மான்யுமென்ட் ஹில். ஜனங்கள் அதன் சரிவில் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பார்கள். அரிசோனா நில அளவைக்கு ஆதாரப் புள்ளி அதன் உச்சியில்தான் இருக்கிறது. கீலா நதியும் சால்ட் நதியும் கூடும் இடத்தருகே 19ஆம் நூற்றாண்டில் குறித்த புள்ளி. அதிலிருந்து கிழக்கு மேற்காக ஒரு கோடு, வடக்கு தெற்காக ஒரு கோடு. மாநிலத்து நிலப் பத்திரங்கள் அந்தக் கோடுகளை வைத்துத்தான் எல்லை சொல்கின்றன. ஃபீனிக்ஸில் பேஸ்லைன் ரோடு என்று ஒன்று உண்டு, மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அது அந்தக் கிழக்கு மேற்குக் கோடு. வரலாறு எங்கே என்று கேட்ட நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

திரும்பவும் குல்விக்கி. 1992இல் கடைசி ஆறு பந்தயங்கள் பாக்கி இருந்தபோது, வருஷப் பட்டத்துக்கான புள்ளிக் கணக்கில் அவர் 278 புள்ளிகள் பின்னால் கிடந்தார். விடாமல் ஏறி வந்தார். கடைசிக்கு முந்தின பந்தயம் ஃபீனிக்ஸில். அதை டேவி ஆலிசன் ஜெயித்து முதலிடத்துக்கு வந்தார். குல்விக்கி 30 புள்ளி பின்னால், பில் எலியட் 40 புள்ளி பின்னால். அட்லாண்டாவில் கடைசிப் பந்தயம். குல்விக்கியின் ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் முன்பக்கத்தில் இருந்த பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு ‘அண்டர்பேர்ட்’ ஆக்கியிருந்தார்கள். ஆலிசன் மோதலில் சிக்கி விழுந்தார். குல்விக்கிக்கு முதல் கியர் உடைந்துபோனது. எலியட் பந்தயத்தை ஜெயித்தார், இவர் இரண்டாவது. ஆனால் அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கு 5 புள்ளி உண்டு. குல்விக்கி 103 சுற்று, எலியட் 102. பட்டம் 10 புள்ளி வித்தியாசத்தில் குல்விக்கிக்கு. அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் புள்ளிகள் சமம். அதிக வெற்றி பெற்றவர் என்ற கணக்கில் பட்டம் எலியட்டுக்குப் போயிருக்கும். எலியட் யாருடைய காரை ஓட்டினார் தெரியுமா? ஜூனியர் ஜான்சனுடைய காரை.

கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் நாஸ்கார் சாம்பியன் அவர். அடுத்த ஏப்ரல் 1ஆம் தேதி விமான விபத்தில் போய்விட்டார். ஜூலையில் ஆலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில். அந்த வருஷக் கடைசிப் பந்தயத்தில் வெற்றி பெற்ற ரஸ்டி வாலஸும் பட்டம் வென்ற டேல் எர்ன்ஹார்ட்டும் 7, 28 என்று குல்விக்கி, ஆலிசன் இருவரின் கார் எண் போட்ட கொடிகளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து எதிர்த்திசையில் சுற்றினார்கள்.

இப்போது என் பழைய சண்டைக்கு வருகிறேன். வருஷம் முழுக்க உழைத்துச் சேர்த்ததை ஒரே நாளில் அழித்துவிட்டு ‘இறுதிப் போட்டி’ வைப்பது அநியாயம். 2023 உலகக் கோப்பையில் இந்தியா பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்து அகமதாபாத்தில் தோற்றபோது இதை எழுதினேன். ‘தோற்றவன் புலம்பல்’ என்று எழுதி அனுப்பினார்கள். சரி, நமக்கு எந்தப் பக்கமும் இல்லாத ஃபீனிக்ஸைப் பாருங்கள். 2014 முதல் நாஸ்காரில் ஒரு விதி: கடைசிப் பந்தயத்துக்கு நான்கு பேர் சமமாக வருவார்கள், அவர்களில் அன்று முன்னால் முடிப்பவர் சாம்பியன். 2020 முதல் 2025 வரை அந்தப் பந்தயம் நடந்தது உங்கள் தலைவலி மைதானத்தில்தான். 2025இல் டெனி ஹாம்லின் 200 சுற்றுக்கு மேல் முன்னணியில் இருந்தார். அந்த வருஷம் ஆறு வெற்றி, இருபது வருஷமாகப் பட்டம் கிடைக்காதவர். மூன்று சுற்று பாக்கி. இன்னொருவர் டயர் போய், எல்லாரும் வேகத்தைக் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் நான்கு டயரும் மாற்றினார், கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்தார். லார்சன் சாம்பியன். அன்றைக்கு அவர் ஒரு சுற்றுகூட முன்னணியில் இருக்கவில்லை. லார்சன் நல்ல ஓட்டுநர், அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் விதி மேல்தான்.

குல்விக்கி அப்படி ஜெயிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து சேர்த்த ஒவ்வொரு புள்ளியும் நவம்பரில் அவருக்கு உதவியது. இந்த விதி அன்று இருந்திருந்தால் 278 புள்ளியைத் துரத்தி வந்த கதையே இல்லை. 2026இலிருந்து ஒருநாள் இறுதிப் போட்டியை எடுத்துவிட்டுக் கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது என்று ஆக்கியிருக்கிறார்கள். பாதி நியாயம். வருஷம் முழுவதையும் கூட்டினால்தான் எனக்கு முழுத் திருப்தி.

நம் கோவை நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார் என்பதையும் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்த ஆண்டு அத்தொடரில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரபல ஓட்டுநர் அவர்தான். அடுத்த தடவை போகும்போது குன்றுச் சரிவில் இடம் பிடியுங்கள். தடம் முழுக்கத் தெரியும், பேஸ்லைன் எந்தப் பக்கம் போகிறது என்றும் மாப்பிள்ளைக்குக் காட்டலாம்.