வெந்நீர்க் குண்டமும் தான்சா நதிக்கரையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாமியார், இரண்டு குழந்தைகளுடன் ஒரே நாளில் வெந்நீர் ஊற்று, ஆற்றங்கரை நடை இரண்டையும் அனுபவிக்க எண்ணுகிறோம். லோனாவளா நெரிசல் வேண்டாம். எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, முலுண்டு

பதில்: வஜ்ரேஷ்வரிக்குப் போய் வாருங்கள். மும்பையிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ.; உங்கள் முலுண்டிலிருந்து தாணே, பிவண்டி, அம்பாடி வழியாகப் போனால் தொலைவு இன்னும் குறையும். பிவண்டியில் கிடங்கு லாரிகள் வரிசை கட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்த ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பதால், ஐந்து மணிக்கே புறப்படுவது நல்லது.

கேரவன் என்றாலே நம்மவர்களுக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்த பின், குடும்பங்களும் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் கிராமத்துச் சாலையில் அந்த வண்டியை இடத்துக்கு இடம் ஓட்டிக்கொண்டு திரிவது வீண் வேலை. சென்ற ஆண்டு நாங்கள் எடுத்த வண்டியின் கூரையிலிருந்த ஏ.சி. பெட்டி ஒரு புளியங்கிளையில் உரசி மூடி பெயர்ந்துவிட, மீதி நாளெல்லாம் அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அலைந்தோம். வாடகைக்குக் கொடுத்தவரோ வண்டியின் உயரத்தைக்கூட எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அதனால் வஜ்ரேஷ்வரியை அடுத்து வெந்நீர் ஊற்றுகள் உள்ள அக்லோலியில் அகலமான ஓரிடம் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, மற்ற இடங்களுக்கு நடந்தோ ஆட்டோவிலோ போங்கள். ஈரத்துணி மாற்றவும், கட்டுச்சோறு பிரிக்கவும், மாமியார் சற்றுக் காலை நீட்டிப் படுக்கவும் கேரவனைப் போல உதவும் வண்டி வேறில்லை.

அக்லோலியின் குண்டங்கள் தான்சா நதியை ஒட்டியே இருக்கின்றன. டிசம்பர் விடியலில் கல் தொட்டிகளின் மேல் ஆவி தவழ்ந்துகொண்டிருக்கும். சில அடி தள்ளி ஓடும் ஆற்றுநீரில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். குழந்தைகள் இங்கும் அங்கும் மாறி மாறிக் கை நனைப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அடுத்தடுத்துள்ள தொட்டிகளிலேயே சூடு வேறுபடும். ஒன்றில் இதமாக இருந்ததை நம்பி அடுத்ததில் காலை விடாமல், ஒவ்வொன்றிலும் முதலில் பெரியவர் ஒருவர் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும்.

குளித்து முடித்ததும் ஆற்றோரம் நடக்கலாம். மழை நின்று ஓரிரு மாதங்கள் வரை நீரோட்டம் நன்றாக இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு பாறையும் குட்டையுமாகிவிடும். மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா அணை (1892) இதே நதியின் மேல்பகுதியில் உள்ளது. மழைக்காலத்தில் அந்த ஏரி நிரம்பி வழியத் தொடங்கினால் ஆற்றில் திடீரென்று நீர் ஏறும்; அதனால் ஜூலை, ஆகஸ்டில் இந்த நடையை நினைக்கவே வேண்டாம்.

வஜ்ரேஷ்வரி கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1739-இல் வசாய்க் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா, வேண்டுதலை நிறைவேற்றக் கட்டிய கோயில் இது. முகப்பும் கோட்டை வாயிலைப் போலவே இருக்கும். ஏறுவதற்கு 52 படிகள் உண்டு. படியொன்றில் செதுக்கியிருக்கும் ஆமையைத் தேடச் சொன்னால் குழந்தைகள் சலிப்பில்லாமல் ஏறிவிடுவார்கள். மாமியாரின் முழங்காலுக்குத்தான் யோசிக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் அருகிலுள்ள கணேஷ்புரியில், 1961-இல் சமாதியடைந்த நித்தியானந்தரின் சமாதிக் கோயிலையும் பார்க்கலாம். அவர் கேரளத்திலிருந்து வந்தவர் என்பதால், தென்னிந்தியர் பலரை அங்கே காணலாம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 72; சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ‘புண்ணிய தீர்த்தத்தில் தலை முழுகியே ஆக வேண்டும்’ என்கிறார். அனுமதிக்கலாமா?
– வாசகர், செம்பூர்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் இறக்காதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். நமக்குச் சுரீரென்று உறைக்கும் சூடு அவர்களுக்குத் தெரியாமல், மாலையில் கொப்புளமாகத்தான் தெரியவரும். அந்தக் கொப்புளம் எளிதில் ஆறாத புண்ணாகவும் மாறலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், வெந்நீரில் அது உடலில் வேகமாகச் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடவும் வாய்ப்புண்டு. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிவதால், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழும்போது தலைசுற்றி, பாசி படிந்த படியில் விழவும் நேரலாம்.

தலை முழுகுவது யாருக்குமே வேண்டாம் என்பேன். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒரு வகை அமீபா, மூக்கு வழியாக மூளைக்கு ஏறக்கூடியது. தொற்று மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர் மிகச் சிலரே. சொம்பில் நீர் மொண்டு ஆறவைத்து, உச்சந்தலையில் நீங்களே தெளித்துவிடுங்கள். காசியில் கூட்டம் மிகுந்த நாளில் நம் பெரியவர்கள் செய்வதும் இதுதானே என்று எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லாதபோது, வஜ்ரேஷ்வரியில் நீர் ஏன் சுடுகிறது?
– கல்லூரி மாணவர், தாராவி

பதில்: தேவி வதம் செய்த அசுரர்களின் குருதிதான் வெந்நீராக ஊறுகிறது என்பது ஊர்க்கதை. நிலவியல் சொல்வது வேறு. தக்காணத்தின் கரும்பாறைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்புதான் என்றாலும், அந்தச் சூடு எப்போதோ தணிந்துவிட்டது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 டிகிரி கூடுவதால், கீழே காய்ந்த நீர் பெரிய பிளவு ஒன்று கிடைத்ததும் ஆறுவதற்குள் விரைந்து மேலேறிவிடுகிறது. கொங்கணக் கரையில் இத்தகைய ஊற்றிடங்கள் ஏறத்தாழ 18 உள்ளன. ரத்னகிரி மாவட்டத்து உன்ஹவரே, துரள், ராஜாப்பூர் ஆகியவையும் அந்த வரிசையில் வருபவையே.

கேள்வி: இரவில் ஆற்றோரமே கேரவனை நிறுத்தித் தூங்கலாமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: கூடாது. மணலில் சக்கரம் புதைந்தால் இழுத்துவிட டிராக்டர்தான் வர வேண்டும். ஊருக்குள் வாகனம் நிறுத்த இடமுள்ள விடுதியொன்றில் கேட்டு, கட்டணம் கொடுத்து நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய நீரும் கழிவறை நீரும் சேரும் தொட்டிகளை ஆற்றோரம் திறந்துவிடாதீர்கள். அந்தத் துறையில்தான் காலையில் ஊர்ப்பெண்கள் துணி துவைக்க வருவார்கள்.