வாசகர் கேளுங்கள்: வீட்டிலேயே ரிகர்வ் வில்

விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து மர வில் செய்வது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. எல்லாரும் கேட்டிருப்பது ரிகர்வ் வில். நாணைக் கழற்றினால் அதன் இரண்டு நுனியும் குறியை நோக்கி வளைந்து நிற்கும். பதில்களில் வரும் ‘வெளிப்பக்கம்’ குறியைப் பார்க்கும் பக்கம். ‘உள்பக்கம்’ எய்பவரைப் பார்க்கும் பக்கம். பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிதான் ‘கை’.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. இரண்டு பேரும் இழுக்கிற மாதிரி ஐந்தடி வில் செய்யப்போகிறோம். கடையில் தேக்கு ரீப்பர் கிடைக்கிறது. வீட்டில் வேப்பம் பலகை கிடக்கிறது. எதில் செய்யலாம்?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேம்பு வேண்டாம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், இழைக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய பட்டையாக்கி வளைத்தால் எந்த இடத்தில் விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது.

மூன்று அடுக்காகச் செய்யுங்கள். வெளிப்பக்கம் மூங்கில், நடுவில் தேக்கு, உள்பக்கம் கருவேலம். வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது, நடு அடுக்குக்குச் சுமை குறைவு. இழுபடுவதைத் தாங்க மூங்கிலை மிஞ்ச ஆளில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் போகிற கருவேலம் நசுங்கலைத் தாங்கும். நடுவில் தேக்கு வைத்தால் எடை குறையும்.

பட்டைகள் 160 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். மூங்கில் 3 மி.மீ., தேக்கு 3 மி.மீ., கருவேலம் பிடியருகே 4 மி.மீ., நுனியில் 3 மி.மீ. கருவேலத்தை நுனியில் இறக்காவிட்டால், ஒட்டும்போது வளைவு கொடுக்கும் அச்சில் படியாது. மூங்கிலை உள்புறத்தில் மட்டும் இழையுங்கள். வலுவான நார் எல்லாம் தோலையொட்டித்தான் இருக்கிறது. கணுவையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். மட்டமாக்குகிறேன் என்று இழைப்புளியை ஓட்டினால் வில் முறிவது அந்தக் கணுவில்தான்.

மூன்றும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நிழலில் வைத்து வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். இந்த வேலையை மகளிடம் விடலாம். தொடர்ந்து இரண்டு வாரம் எடை இறங்காமல் நின்றால் ஒட்டலாம்.

கேள்வி: வெள்ளைப் பசையால் ஒட்டி, நான்கு மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுத்தோம். நுனி வளைவு பாதியாக நிமிர்ந்துவிட்டது. ஏன்?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டு தவறு. நான்கு மணி நேரத்தில் வெள்ளைப் பசை முழுப் பலம் பெறாது. அதோடு, மரவேலை வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் வெயிலில் இளகும். இளகினால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, வளைவு மெல்ல நிமிரும். மெதுவாக இறுகும் எப்பாக்சி வாங்குங்கள். சாதாரண அரால்டைட் போதும், ஐந்து நிமிட வகை வேண்டாம். ஒரு வில்லுக்கு 180 கிராம் வாங்கினால் மிஞ்சும்.

அச்சை 12 மி.மீ. பிளைவுட் நான்கை அடுக்கிச் செய்யலாம். நடுப்பகுதி நேராக இருக்கட்டும். இரு நுனியிலும் கடைசி 22 செ.மீ., 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கீழே சரிய வேண்டும். ஆணியும் நூலும் பென்சிலும் இருந்தால் வட்டம் போட்டுவிடலாம். அச்சின் மேல் பேக்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் அச்சும் வில்லும் ஒன்றாகிவிடும். மூங்கிலின் தோல் அச்சில் படியும்படி முதலில் வைத்து, அதன்மேல் தேக்கு, கடைசியில் கருவேலம். மாற்றி வைத்தால் நுனி எய்பவர் பக்கம் வளைந்த வில்தான் கிடைக்கும்.

இறுக்க கிளாம்ப் நிறைய வேண்டாம். பழைய சைக்கிள் ட்யூபை 25 மி.மீ. நாடாவாகக் கீறி, நடுவில் தொடங்கி நுனி வரை இழுத்துச் சுற்றுங்கள். இதற்கு நான்கு கை வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. பசை விளிம்பில் மணிமணியாகக் கசிந்தால் சரி. வழிந்து ஓடினால் அழுத்தம் அதிகம், உள்ளே பசை மிஞ்சியிருக்காது. 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு 30 செ.மீ. நீளப் பிடிக்கட்டையை உள்பக்கம் ஒட்டுங்கள். கட்டையின் இரு முனையையும் 6 செ.மீ. தூரத்துக்குத் தாள் கனமாகச் சரித்துக்கொள்ள வேண்டும். செங்குத்தாக விட்டால் சில நாளில் கட்டை தெறித்துப் போகும்.

வில்லை 152 செ.மீ.க்கு நறுக்குங்கள். பிடியருகே 38 மி.மீ. அகலம், நுனியில் 15 மி.மீ. நாண் மாட்டும் குதையை வட்ட அரத்தால் ராவுங்கள். கூரான விளிம்பு இருந்தால் நாணை அறுக்கும்.

கேள்வி: மேல்கை நன்றாக வளைகிறது, கீழ்க்கை கட்டையாக நிற்கிறது. பலமாக இழுத்தபோது ‘டிக்’ என்று சத்தம் வந்தது. என்ன செய்ய?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: சத்தம் வந்தால் அதோடு இழுப்பதை நிறுத்துங்கள். வெளிப்பக்கம் முழுக்கப் பஞ்சால் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே நார் கிளம்பியிருக்கிறது. நீளவாக்கில் மெல்லிய சிலாம்பு என்றால் எப்பாக்சி விட்டு நூல் சுற்றிக் கட்டலாம். குறுக்கே கோடு தெரிந்தால் அந்த வில் பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது.

கீழ்க்கை வளையாததற்காகப் பலமாக இழுத்தீர்கள். அந்தப் பாரம் முழுவதையும் மேல்கை வாங்கியிருக்கிறது. வளையாத கையை இழுத்து வளைக்க முடியாது, சுரண்டித்தான் வளைக்க வேண்டும். வில் வேலையில் பாதி நாள் இதற்கே போகும். போகட்டும், அவசரப்பட்டால் அதுவரை பட்ட பாடு வீண்.

சுவரில் 5 செ.மீ. கட்டம் போடுங்கள். பிடியை ஒரு பலகையின் உச்சியில் அமர்த்தி, தளர்ந்த நாணைக் கொக்கித் தராசில் மாட்டி 10 செ.மீ. மட்டும் இழுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் நேர் எதிரே நின்று செல்போனில் படம் எடுக்கட்டும். கண்ணுக்குத் தப்புவது படத்தில் தெரியும். வளையாத இடத்தில் பென்சிலால் குறித்து, உள்பக்கம் மட்டும் ஆக்ஸா பிளேடால் பத்துத் தடவை சுரண்டுங்கள். வளைகிற இடத்தைத் தொடவே கூடாது. சுரண்டியதும் 30 தடவை சின்னதாக இழுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். மரம் புது வளைவுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும்.

கனத்தில் ஜாக்கிரதை. 10 மி.மீ. கையை 9 மி.மீ. ஆக்கினால் விறைப்பு கால் பங்குக்கும் மேல் குறையும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதனால் கடைசி நேரச் சின்னத் திருத்தங்களை ஓரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்திலும் தராசு காட்டும் இழுவை எடை நீங்கள் நினைத்ததைத் தாண்டக் கூடாது. 7 கிலோ வில் என்றால், 30 செ.மீ. இழுப்பிலேயே 7 கிலோ காட்டினாலும் அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள். முடிவில் 60 செ.மீ. இழுப்பில் 7 கிலோ வரட்டும். நாண் பூட்டியபின் கையின் அடியிலிருந்து நாணுக்கு உள்ள தூரம், கீழ்க்கையைவிட மேல்கையில் 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடையில் வில்லடிக்கிற வில் பனையில் செய்தது. அதேபோல எய்கிற வில்லையும் பனையில் செய்யலாமா?
— வாசகர், திசையன்விளை

பதில்: வில்லுப்பாட்டு வில்லை யாரும் இழுத்து விடுவதில்லை. நாண் பூட்டியபடி நின்று வீசுகோலின் அடியை வாங்குவதுதான் அதன் வேலை. எய்கிற வில் ஆயிரக்கணக்கான தடவை வளைந்து மீள வேண்டும். பனை வகை மரத்தில் வில் செய்வோர் உலகில் உண்டு, நியூகினித் தீவில் கரும்பனை வில் சாதாரணம். ஆனால் பனைவைரத்தின் சிலாம்பு ஊசிபோல் ஏறும், நீளவாக்கில் எளிதில் பிளக்கும். முதல் வில்லுக்கும் சிறுவர் கைக்கும் அது வேண்டாம்.

கேள்வி: நாணுக்கு மீன்வலை நூல் ஆகுமா? பிள்ளைகளிடம் கொடுக்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, தென்காசி

பதில்: நைலான் வலைநூல் ஆகாது, எய்ய எய்ய நீண்டுகொண்டே போகும். மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். ஓர் இழையைத் தராசில் கட்டி அறுத்துப் பாருங்கள். எல்லா இழையும் சேர்ந்து வில்லின் இழுவை எடையைப்போல் குறைந்தது நான்கு மடங்கு தாங்க வேண்டும். 7 கிலோ வில்லுக்கு 28 கிலோ. அம்பின் குதையில் நிற்கும் பருமன் வர, 10 அல்லது 12 இழை போடுவது வழக்கம். நாண், வில்லைவிடச் சுமார் 10 செ.மீ. குட்டை. பூட்டியபின் பிடிக்கும் நாணுக்கும் 17 முதல் 19 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். குறைந்தால் நாணை இன்னும் முறுக்குங்கள், கூடினால் முறுக்கைத் தளர்த்துங்கள்.

வில்லைக் காலிடுக்கில் மாட்டி வளைத்து நாண் பூட்டக் கூடாது, ரிகர்வ் நுனி திருகிக்கொள்ளும். இரு முனையிலும் தோல்பை தைத்த கயிற்றை நுனிகளில் மாட்டி, கயிற்றின் நடுவை மிதித்து, பிடியை மேலே தூக்கிப் பூட்டுங்கள்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போக வேண்டிய வேகம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைக்கும். அம்பு, இழுப்பைவிட 7 செ.மீ.யாவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பிடிக்குப் பின்னால் நழுவி இடது கையில் பாயும். வைக்கோல் கட்டைக் குறியாக வைத்தால் அம்பு ஊடுருவிப் போகலாம். அதன் பின்னால் குளத்துக்கரை மாதிரி மண்மேடு இருக்கும் இடமாகப் பாருங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்த பிறகே முதல் அம்பைத் தொடுக்கட்டும்.