ஆர்ட்டிஸ்ட்கிட்ட ஓவியம் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பேசிக்கணும்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: ஹால்ல ஏழடி சோஃபாவுக்கு மேல சுவர் காலியா கெடக்கு, தாத்தா பாட்டியோட சின்ன கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இருக்கு, அத வச்சு பெருசா வரைஞ்சு தரச் சொல்லி ஒரு ஆர்ட்டிஸ்ட்கிட்ட பேசினேன், பாதிப் பணம் அட்வான்ஸ் கேக்கறார், ஆயில் பெயிண்ட்டா, தண்ணில கரைக்கற அக்ரிலிக் பெயிண்ட்டான்னும் கேக்கறார், எல்லாம் முடிஞ்சப்புறம் பிடிக்காம போயிட்டா என்ன பண்றது?

கடைசி கேள்விதான் முக்கியம், அதுக்கு முதல்ல வர்றேன். பிடிக்காம போறது பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கும்போது நடக்கறதில்ல, ஸ்கெட்ச்லயே நடந்துடுது, நாம அப்போ "நல்லாருக்கு சார்"னு ஒரு வார்த்தைல முடிச்சுடறோம். பென்சில்ல இருக்கும்போது பாட்டியோட தலைய கொஞ்சம் திருப்பறது கொஞ்ச நேர வேலை, அதையே ஆயில்ல ரெண்டு மூணு கோட் ஏறினப்புறம் கேட்டா சுரண்டி எடுத்து மறுபடி வரையணும், அவருக்கும் கோவம் வரும், படத்துலயும் அது தெரியும். அதனால ஸ்கெட்ச்சை ரெண்டு நாள் கையில வச்சுக்கிட்டு, தாத்தா பாட்டிய நேர்ல பாத்தவங்ககிட்ட காமிச்சு, மனசுல பட்டத எல்லாம் அப்பவே சொல்லிடுங்க. அதுக்கப்புறம் உள்ளங்கை அளவுல ஒரு கலர் ஸ்டடி, அதாவது கலர் எப்படி வரும்னு காட்டற சின்ன மாதிரிப் படம், கேளுங்க, பாதி வேலைல பகல் வெளிச்சத்துல எடுத்த ஒரு போட்டோ கேளுங்க. எந்த எந்த கட்டத்துல எத்தன திருத்தம் விலையிலயே அடக்கம், அதுக்கு மேல போனா எவ்வளவு, நடுவுல யாராவது நிறுத்தினா பணம் என்னாகும், இத வாட்ஸ்அப்ல டைப் பண்ணி ரெண்டு பேரும் ஓகே சொன்னாலே பெரிய பாதுகாப்பு. இப்படிக் கேக்கறது ஆர்ட்டிஸ்ட்டை அவமானப்படுத்தறதுன்னு நெறைய பேர் கூச்சப்படறாங்க, தேவையே இல்ல. 1485ல இத்தாலி ஃப்ளாரன்ஸ்ல கிர்லாண்டாயோங்கற பெரிய ஓவியரோட போட்ட ஒப்பந்தத்துலயே, பேப்பர்ல வரைஞ்சு காமிச்ச மாதிரி இருக்கணும், நீலத்துக்கு அவுன்ஸ் நாலு ஃப்ளோரின் (அந்த ஊர் தங்கக் காசு) பெறுற அல்ட்ராமெரின்ங்கற விலை கூடின நீலம்தான் போடணும், 30 மாசத்துல முடிக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க.

பாதி அட்வான்ஸ் சாதாரணமா நடக்கறதுதான், கேன்வாஸ், கலர் எல்லாம் அவர் முதல்ல வாங்கியாகணும். மீதிய ஸ்கெட்ச் ஓகே ஆனப்புறம் கொஞ்சம், கைக்கு வரும்போது கொஞ்சம்னு பிரிச்சுக்கோங்க.

அடுத்தது அந்த போட்டோ. அத போன்ல படம் புடிச்சு அனுப்பாதீங்க, பளபளப்பு விழும், ஓரம் வளையும், முகத்தோட அளவே மாறிடும். ஸ்கேனர்ல 1200 டிபிஐல (எவ்வளவு நுணுக்கமா ஸ்கேன் ஆகணும்ங்கற அளவு) ஸ்கேன் பண்ணி, ஃபைலா அனுப்புங்க, ஏன்னா வாட்ஸ்அப்ல சும்மா படமா அனுப்பினா சுருக்கிடும். நகத்தளவு முகத்துல கண்ணு ரெண்டும் வெறும் கருப்பு புள்ளியாத்தான் இருக்கும், அத பெருசாக்கும்போது ஆர்ட்டிஸ்ட் தானா ஊகிச்சுதான் வரையணும், அந்த ஊகம் தப்பாச்சுன்னா யாரோ ஒரு பாட்டி வந்து உக்காந்துடுவாங்க. அதனால வேற போட்டோ எது கெடச்சாலும், வேற வயசா இருந்தாலும், சேத்துக் குடுங்க. தோல் நிறம், கண்ணு நிறம், அன்னிக்கு உடுத்தியிருந்த துணியோட கலர், வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிக் குடுங்க.

சைஸுக்கு, சோஃபா அகலத்துல மூணுல ரெண்டு பங்குன்னு வச்சுக்கலாம், உங்களுக்கு 56 இஞ்ச் கிட்ட வரும். நம்பரா கேட்டா ஒண்ணும் புரியாது, பழைய பேப்பர அந்த அளவுக்கு ஒட்டி சுவர்ல மாட்டி ரெண்டு மூணு நாள் பாருங்க, கீழ் ஓரம் சோஃபா முதுகுலேருந்து ஆறேழு இஞ்ச் மேல இருக்கட்டும். ராத்திரி எந்த லைட்ல பாப்பீங்கன்னும் அவர்கிட்ட சொல்லிடுங்க, 2700 கெல்வின்னு போட்டிருக்கற மஞ்சள் பல்புக்கு அடியில நீலம் மங்கி சாம்பல் மாதிரி ஆயிடும்.

ஆயிலா அக்ரிலிக்கான்னா, முகம்தான் முக்கியம்ங்கறதால, அவசரம் இல்லேன்னா நான் ஆயில்தான் சொல்வேன், மெதுவா காயறதால கன்னத்துல வெளிச்சமும் நிழலும் ஒண்ணோட ஒண்ணு கலக்கற அந்த மென்மை சுலபமா வரும். அக்ரிலிக் சில நிமிஷத்துலேருந்து சில மணி நேரத்துல காஞ்சுடும், அதனால ஒரு தேதிக்குள்ள வேணும்னா அதுதான் சரி, ஆனா காயும்போது கொஞ்சம் டார்க்காவும் ஆகும். எதுவா இருந்தாலும் வெயில்ல மங்காத கலரா, ட்யூப்ல லைட்ஃபாஸ்ட்னஸ், அதாவது வெளிச்சத்துல மங்காத தரம், ஒண்ணு இல்லேன்னா ரெண்டுன்னு போட்டிருக்கான்னு கேளுங்க, நேர் வெயில் விழற சுவர்ல மட்டும் மாட்டாதீங்க.

படத்தோட உரிமை யாருக்குங்கறது நாட்டுக்கு நாடு சட்டம் வேற, அதனால நெட்ல போடலாமா, பிரிண்ட் எடுத்து சொந்தக்காரங்களுக்குக் குடுக்கலாமான்னு முன்னாடியே எழுதிக்கோங்க, குடும்ப முகம்ங்கறதால அவர் வேற யாருக்கும் விக்கக்கூடாதுன்னும் சேத்துக்கோங்க. ஆயில்னா வழக்கமான வார்னிஷ் அடிக்க ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் ஆகும், தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள காஞ்சிருக்காது, அதுக்கு அவரே வந்து அடிச்சுத் தருவாரா, தனியா காசான்னும் இப்பவே கேட்டுடுங்க.